ஒன்பது எப்படி மூன்றானது?

சேரிக்குக் குடிதண்ணீர்க் குழாய் வாங்கவே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், இதில் உங்களுக்குக் கம்ப்யூட்டரில் கப்பல் சண்டை வேறு கேட்கிறதா என்று தோழர்கள் சிலர் எங்களைக் கிண்டல் செய்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் விளையாடுவது 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்'. 2009-இல் வந்த பழைய விளையாட்டு. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சுடும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் இருப்பது ஒரு பெரிய வரைபடம், அதன்மேல் அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் 40 கடல் மைல். இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை வரை எல்லாம் அதில் அடங்கும். 1941 டிசம்பரில் ஆட்டம் தொடங்குகிறது. ஒரு சுற்று என்றால் போரில் ஒரு நாள். ஒருவர் தன் கட்டளைகளைப் போட்டு, கடவுச்சொல்லால் பூட்டி, கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவார். மற்றவர் தன் கட்டளைகளைச் சேர்ப்பார். பிறகு அந்த நாள் எப்படிப் போனது என்று இயந்திரம் ஓட்டிக் காட்டும். முழுப் போரையும் ஆட ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று போனாலும் வருடக்கணக்கில் ஆகும்.

நேச நாடுகள் பக்கம் நாங்கள் மூன்று பேர். எதிர்ப்பக்கம் ஜப்பானை ஆடுபவர் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இருந்த தோழர். வேலைக்காக வெளியூர் போனவர், அங்கிருந்து தினமும் கோப்பு அனுப்புகிறார்.

இந்த ஆட்டத்தில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது தேடுதல். கடலில் எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எத்தனை போர்க்கப்பல் வைத்திருந்தாலும் எதிரியை முதலில் பார்ப்பவர்தான் முதலில் அடிப்பார். 1942 ஏப்ரலில் நிஜத்தில் நடந்ததும் அதுதான். நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையை நோக்கி வந்தன. ஏப்ரல் 4 அன்று பிர்ச்சல் என்ற கனடிய விமானி தன் கேட்டலினா விமானத்திலிருந்து அவற்றைப் பார்த்துச் செய்தி அனுப்பினார். உடனே அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தச் செய்தியால் கொழும்பு முன்கூட்டியே உஷாரானது. மறுநாள் கொழும்பின் மீது குண்டு விழுந்தது. அதே நாளில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 9 அன்று திரிகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இன்னொரு ஜப்பானியப் படை வங்காள விரிகுடாவில் நுழைந்து 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை அழித்தது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை பீதியில் காலியானது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு இடம் மாறின. குண்டு விழுந்தால் தப்பி வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

எங்கள் ஆட்டத்திலும் தோழர் தன் விமானந்தாங்கிகளை இந்தியப் பெருங்கடலுக்குள் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து பறந்த எங்கள் கேட்டலினாக்கள் பார்த்துவிட்டன. பெரிய கப்பல்களை மாலத்தீவின் அட்டு தீவுக்கும் பம்பாய்க்கும் நகர்த்திவிட்டோம். அவருடைய விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது துறைமுகம் ஏறக்குறைய காலி.

இரண்டாவது பாடம் சரக்கு. தைரியம் எவ்வளவு இருந்தாலும் எண்ணெய் இல்லாத கப்பல் நகராது, அரிசி போய்ச் சேராத படை சண்டை போடாது. ஒரு மாநாட்டுக்கு ஐயாயிரம் பேரைக் கூட்டி வந்து மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று தெரியாமல் திண்டாடும் இயக்கங்களைப் பார்த்த நமக்கு இது புரியும்.

மூன்றாவது பாடம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். இந்த ஆட்டத்தில் நம் கண்ணுக்கு வரும் கணக்கு எல்லாம் உண்மை அல்ல. எதிரியின் கப்பலில் மூன்று குண்டு விழுந்தது, பெரும் தீ, மூழ்கியது என்று அறிக்கை வரும். மூழ்கிய கப்பல்களின் பட்டியலிலும் அதன் பெயர் ஏறிவிடும். ஆறு வாரம் கழித்து அதே கப்பல் வேறொரு இடத்தில் மிதந்து வரும். போரின் புகைமூட்டத்தை விளையாட்டு அப்படியே வைத்திருக்கிறது. அதனால் நாங்கள் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். திரை என்ன சொன்னது, யார் பார்த்தது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தது, நாம் எவ்வளவு நம்பலாம் என்று நான்கு பத்தி. அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றி வருகிறது.

இந்த ஆட்டத்தில் எங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நடுவர் இயந்திரம். அதற்கு எங்கள் தெருவின் பெயர் தெரியாது. உருட்டும் எண் யாருக்கு எப்படி விழுந்தாலும் அதை மாற்றச் சொல்லிச் சிபாரிசு பிடிக்க முடியாது. நடுவர் மனிதராக இருந்தால், அதிலும் அதிகாரத்தில் இருக்கும் மனிதராக இருந்தால், என்ன நடக்கும் என்பதற்கு இதே பசிபிக் போரிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறோம்.

மிட்வே தீவைத் தாக்கப் போவதற்கு முன், 1942 மே மாதம், யமாட்டோ என்ற போர்க்கப்பலில் ஜப்பானிய அதிகாரிகள் ஒத்திகை பார்த்தார்கள். மேசையில் வரைபடம் விரித்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. நடுவர் கூட்டுக் கடற்படையின் தலைமை அதிகாரி உகாகி. ஆட்டத்தின் நடுவே அமெரிக்க விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின. பகடை உருண்டது. ஒன்பது குண்டு பட்டது, அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் மூழ்கின என்று கணக்கு வந்தது. உகாகி குறுக்கிட்டார். ஒன்பது வேண்டாம், மூன்று என்று எழுதச் சொன்னார். அகாகி தப்பியது, கிட்டத்தட்ட எந்தச் சேதமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கடலுக்கடியில் போன காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. மிட்வே போரின்போது படையோடு இருந்த ஃபுச்சிடாவும் பகடையை உருட்டிய ஒகுமியாவும் சேர்ந்து எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. ஒரே மாதம். ஜூன் 4 அன்று மிட்வேயில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என நான்கும் அடிவாங்கின, நான்கும் அழிந்தன.

அதிகாரம் தனக்குப் பிடிக்காத எண்ணைக் குறைத்து எழுதும். தோழர்களே, இது நமக்குப் புதிய செய்தியா?

1932-இல் லோதியன் குழு, யாருக்கெல்லாம் வாக்குரிமை கொடுக்கலாம் என்று விசாரிக்க வந்தது. அதில் அண்ணல் அம்பேத்கரும் உறுப்பினர். அதுவரை தீண்டத்தகாதவர்களின் எண்ணிக்கையைப் பற்றி யாரும் பெரிதாகத் தகராறு செய்யவில்லை. தொகைக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் என்ற பேச்சு வந்ததும் மாகாணக் குழுக்களில் இருந்த சாதி இந்துக்கள், எங்கள் மாகாணத்தில் தீண்டத்தகாதவர்கள் அவ்வளவு பேர் இல்லையே என்று சொல்லத் தொடங்கினார்கள். ஐக்கிய மாகாணத்தில் மக்கள்தொகைக் கணக்கின்படி 1 கோடியே 26 லட்சம். அங்கிருந்த மாகாணக் குழு சொன்ன எண் 6 லட்சம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ஒரு பேனா முனையில் காணாமல் போனார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனால் தீண்டத்தகாதவர், பங்கு கேட்டால் அப்படி ஒருவரும் இல்லை. பாபாசாகேப் இந்தக் கணக்கை எதிர்த்துக் குழுவுக்குள்ளே போராடினார், பிறகு தன் எழுத்துகளில் அட்டவணை போட்டே அம்பலப்படுத்தினார்.

இனி எங்கள் ஆட்டத்துக்கு வருகிறோம். இயந்திரம் நேர்மையான நடுவர்தான். ஆனால் எதை எண்ண வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மனிதர்கள்.

கொழும்பில் ஏமாந்த தோழர், வங்காள விரிகுடாவில் எங்கள் சரக்குக் கப்பல்கள் சிலவற்றைப் பிடித்துவிட்டார். சுற்றின் முடிவில் மதிப்பெண் அட்டவணை வந்தது. கப்பல், விமானம், படை, பிடித்த தளம் எல்லாவற்றுக்கும் புள்ளிகள். எங்களில் ஒருவர், சரக்குக் கப்பல்தானே, புள்ளி குறைச்சல், பரவாயில்லை என்றார். இன்னொருவர், அந்தக் கப்பலின் அடியில் நிலக்கரி அள்ளிப் போட்டது யார் என்று கேட்டார். அன்று இரவு அடுத்த சுற்றுக்கான கட்டளை போகவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு விமானிக்கும் பெயர் உண்டு, அனுபவ எண் உண்டு. கப்பல் தலைவருக்கும் படைத் தளபதிக்கும் பெயரோடு தலைமைப் பண்பு, துணிச்சல் என்று மதிப்பெண் உண்டு. ஆனால் அன்றைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கடலோடி வகையினர். வெள்ளைக்கார மாலுமியைவிட மிகக் குறைந்த கூலிக்கு, கொதிக்கும் உலை அறையில் வேலை செய்தவர்கள். அவர்களுக்கு இந்த ஆட்டத்தில் பெயர் கிடையாது. கப்பலின் புள்ளியில் அவர்கள் கரைந்துபோகிறார்கள்.

ரங்கூனை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் அது ஒரு தளம். துறைமுகத்துக்கு ஓர் அளவு எண். குண்டு விழுந்தால் சேத விழுக்காடு ஏறும், பொறியாளர்கள் இருந்தால் இறங்கும். நிஜத்தில் என்ன நடந்தது? 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தெருவில் நின்ற உழைப்பாளிகள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலிகளும் நகரத்தின் மலத்தை அள்ளிய துப்புரவுத் தொழிலாளர்களும் உயிருக்குப் பயந்து ஊரை விட்டு நடக்கத் தொடங்கினார்கள். கிரேன் இருந்தது, கப்பல் இருந்தது, சரக்கு இருந்தது. இறக்க ஆள் இல்லை. நகரம் நாறியது. ஒரு பேரரசின் போர், அது தொட மறுத்த கைகளின்மேல் நின்றுகொண்டிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. சுமப்பவர்கள் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும் என்ற கணக்கு எங்கள் விளையாட்டில் இல்லை.

அப்படி நடந்தவர்கள் எத்தனை பேர்? 1942-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பியவர்கள் சுமார் 5 லட்சம் என்கிறார்கள். தமிழர், தெலுங்கர், ஒடியர், வங்காளிகள். மலையும் காடும் மழையும் காலராவும். வெள்ளையர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு வேறு வழி என்று பிரித்தார்கள் என்ற புகார் அன்றே எழுந்தது. வழியில் செத்தவர்கள் எத்தனை? 10,000 என்பவர்களும் உண்டு, 50,000 என்பவர்களும் உண்டு, அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. இந்த இடைவெளியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூழ்கிய டார்செட்ஷயரிலும் கார்ன்வாலிலும் இறந்தவர்கள் 424 பேர் என்று கடைசி ஆள் வரை கணக்கு இருக்கிறது. காட்டு வழியில் செத்தவர்களுக்கு பத்தாயிரக்கணக்கில் இடைவெளி. எண்ண ஆள் இல்லை என்பதுதான் அந்த எண் சொல்லும் செய்தி.

ஜப்பான் பக்கம் ஆடும் தோழரிடம் இதைச் சொன்னோம். அவர், என் பக்கமும் அப்படித்தான் தோழர் என்றார். அவர் சொன்னது சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர்கள் போட்டு முடித்தார்கள். அதில் இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். அவர்களில் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, உலகப் புகழ் பெற்ற சினிமாவும் உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். அந்தத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் நம் மக்கள் கணிசம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. கடைசியில் அந்தத் தோழர் சொன்னது எங்கள் மனதில் தங்கிவிட்டது. நீங்களும் நானும் இரண்டு எசமான்களின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

அப்படியானால் இந்த விளையாட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது என்பதே எங்கள் கருத்து. எசமானின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அங்கிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது என்று நமக்குப் புரியும். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு நாம் ஒரு சரக்கு எண். அவன் திட்டம் போடும்போது நம்மைப் பற்றிய கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நமக்கு ஆயுதம். போர்க்கலையைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்ற கூச்சமும் தேவையில்லை. படையில் சேரும் கதவு மகர்களுக்கு மூடப்பட்டபோது அதைத் திறக்கச் சொல்லிப் போராடியவர் பாபாசாகேப். 1941-இல் மகர் படைப்பிரிவு உருவானது. 1927 ஜனவரி 1 அன்று அவர் கோரேகாவ் நினைவுத் தூணுக்குப் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் கல்லில் மகர் வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பெயர் இருந்ததால்தான் வரலாறு மிஞ்சியது.

இன்றைக்கு நடக்கும் கணக்கைப் பாருங்கள். 2021-இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது: கையால் மலம் அள்ளும் வேலையில் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. அதே அரசு சொன்ன இன்னொரு எண்: சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர். மலக்குழியில் இறங்கிச் செத்தால் அது மலம் அள்ளும்போது நேர்ந்த சாவு ஆகாதாம். வரையறையை மாற்றினால் 941 பூஜ்ஜியம் ஆகிவிடும். உகாகி ஒன்பதை மூன்றாக்கினார். இவர்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள்.

இதற்கு எதிராக என்ன செய்ய முடியும் என்பதற்கும் நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. பெஜவாடா வில்சனும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்களும் ஊர் ஊராகப் போய்ச் செத்தவர்களின் பெயரை எழுதினார்கள். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்ந்தது. உயிருக்கு விலை போட முடியாது. ஆனால் பெயர் எழுதி வைத்த ஒரு பதிவேடு இல்லாமல் அந்த ஆணை யாருடைய வீட்டுக் கதவையும் தட்டியிருக்காது.

இளைய தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அதற்கு விளையாட்டுகூட வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். உங்கள் வட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு வன்கொடுமைக்கும் நான்கு பத்தி போடுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி. புகார் எப்போது கொடுக்கப்பட்டது. முதல் தகவல் அறிக்கையில் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு இருக்கிறதா, இல்லை சாதாரண அடிதடி வழக்காகச் சுருங்கியதா. விசாரணை அதிகாரி டிஎஸ்பிக்குக் குறையாத பதவியில் இருப்பவரா. 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். கூடினார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் எண்ணை உங்கள் நோட்டில் உள்ள எண்ணோடு வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் போராட்டத்துக்கான களம்.

எதிராளியின் பட்டியலை நம்பி யாரும் போரில் ஜெயித்ததில்லை. நம் சாவையும் நம் உழைப்பையும் நாமே எண்ணுவோம், பெயரோடு எண்ணுவோம். மூன்று என்று யார் எழுதினாலும், ஒன்பது என்று எடுத்துக்காட்ட நம் கையில் தாள் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.